பெயருக்குக் கீழே ஒரு வரி

ஆய்வுக் கட்டுரையைக் கையில் எடுப்பவர்கள் தலைப்பைப் பார்ப்பார்கள். அங்கிருந்து நேரே சுருக்கத்துக்குத் தாவிவிடுவார்கள். இரண்டுக்கும் நடுவில் ஆசிரியர் பெயர்கள், அந்தப் பெயர்களின் தோளில் ஏறி உட்கார்ந்திருக்கும் குட்டி எழுத்துகள், அந்தக் குட்டி எழுத்துகளுக்குரிய முகவரிகள் எல்லாம் பொடி எழுத்தில் கிடக்கும். அந்தப் பொடி எழுத்தை வாசிப்பதற்குச் சம்பளம் வாங்கியவள் நான். பழைய மகாபலிபுரம் சாலையில் ஒரு கண்ணாடிக் கட்டடத்தின் நாலாம் மாடியில் பதினேழு வருடம். வெளிநாட்டுப் பதிப்பகங்கள் பலவற்றின் ஆய்விதழ்களுக்குக் காப்பி எடிட்டிங்கும் பக்க அமைப்பும் சென்னையிலும் புதுச்சேரியிலும்தான் நடக்கின்றன. கட்டுரை எழுதும் பேராசிரியர்களிலேயே பலருக்கு இது தெரியாது. ஆம்ஸ்டர்டாமிலிருந்து வந்ததாக அவர்கள் நினைக்கும் ப்ரூஃப், டப்பாவில் கொண்டுவந்த சாம்பார் சாதத்தை முடித்துக் கை கழுவிவிட்டு வந்த ஒருத்தி அனுப்பியது.

ப்ரூஃபோடு கேள்விகளும் போகும். எங்கள் பாஷையில் 'ஏ.க்யூ.', ஆதர் குவெரி. மூன்றாம் படம் தெளிவாக இல்லை, பன்னிரண்டாம் மேற்கோளுக்கு ஆண்டு விட்டுப்போயிருக்கிறது என்று எது இருந்தாலும் இல்லாவிட்டாலும் ஒரு கேள்வி தவறாமல் போகும்: ஆசிரியர் பெயர்களும் நிறுவன முகவரிகளும் சரிதானா, பார்த்து உறுதிசெய்யவும். பெரும்பாலும் ஒற்றைச் சொல்லில் பதில் வரும். 'ஓகே.' பார்க்காமலே போட்ட ஓகே. மற்ற பதில்களில்தான் ஆட்கள் தெரிவார்கள். ஒருவர் சிங்கப்பூருக்குப் போய்விட்டார். பழைய கல்லூரியின் பெயரை எடுத்துவிட்டுப் புது இடத்தைப் போடச் சொல்வார். ஒரே துறையில் பக்கத்துப் பக்கத்து மேசையில் இருக்கும் மூன்று பேர் தங்கள் கல்லூரியின் பெயரை மூன்று விதமாக எழுதியிருப்பார்கள். இன்னொருவர் கல்லூரிப் பெயருக்குப் பின்னால் 'ஆட்டானமஸ்' என்று சேர்க்கச் சொல்வார். 'நாக் ஏ பிளஸ் பிளஸ்' என்று கல்லூரியின் தரச்சான்றையும் சேர்க்கச் சொல்வார். கல்யாணப் பத்திரிகையில் மாப்பிள்ளை பெயருக்குப் பக்கத்தில் பி.இ., எம்.பி.ஏ. போடுகிற கை பழக்கத்தில் இங்கேயும் நீண்டுவிடும். நாங்கள் வெட்டிவிடுவோம். தபால்காரருக்குத் தேவையில்லாதது முகவரியில் எதற்கு?

தமிழில் இந்த வரிக்கு இன்னும் ஒரு பெயர் நிலைக்கவில்லை. 'பணியிடம்' என்பார்கள், 'நிறுவனச் சார்பு' என்பார்கள். ஆங்கிலத்தில் அஃபிலியேஷன். அந்தச் சொல் காதில் விழுந்தால் நமக்குத் தனியார் கல்லூரிக்குப் பல்கலைக்கழகம் கொடுக்கும் இணைவுதான் நினைவுக்கு வரும். ஒருநாள் வேலை குறைவாக இருந்த மத்தியானம் அகராதியைப் புரட்டினேன். லத்தீனில் 'ஃபீலியஸ்' என்றால் மகன். மகனாக ஏற்றுக்கொள்வது, நம் வழக்கில் சுவீகாரம், இந்தச் சொல்லின் பழம்பொருள் அதுதான். இங்கிலாந்தில் கல்யாணமாகாத தாயின் குழந்தைக்குத் தகப்பன் யார் என்று தீர்த்துச் சொல்லும் நீதிமன்ற உத்தரவுக்கும் நெடுங்காலம் இதே பெயர் இருந்தது. அகராதியை மூடியதும் எனக்கு நக்கீரர் ஞாபகம் வந்தது. மதுரைக் கணக்காயனார் மகனார் நக்கீரனார். ஊர் இருக்கிறது, தகப்பன் இருக்கிறார், தகப்பன் பார்த்த ஆசிரியத் தொழில்கூட இருக்கிறது.

சங்கப் பாட்டுகளைத் தொகுத்தவர்களை எங்கள் தொழிலின் மூதாதைகள் என்று சொல்லிக்கொள்வதில் எனக்கு ஆசை உண்டு. உறையூர் மருத்துவன் தாமோதரனார், மதுரை அறுவை வாணிகன் இளவேட்டனார், கணியன் பூங்குன்றனார் என்று ஊரும் தொழிலும் பிசகாமல் பெயரோடு கட்டி வைத்திருக்கிறார்கள். மதுரைக் கூலவாணிகன் சீத்தலைச் சாத்தனாருக்கு இரண்டு ஊர். கடை மதுரையில், பூர்வீகம் சீத்தலையில் என்று வைத்துக்கொண்டால் இன்றைய வழக்கில் அவருக்கு ஏ, பி என்று இரண்டு குட்டி எழுத்து போட வேண்டும். நானாக இருந்தால் 'இரண்டில் எது தற்போதைய முகவரி?' என்று ஒரு குவெரியும் அனுப்பியிருப்பேன். பெயரும் ஊரும் தொலைந்துபோன புலவர்களுக்கு அவர்களுடைய பாட்டிலிருந்தே ஒரு தொடரை எடுத்துப் பெயராகச் சூட்டினார்கள். செம்புலப்பெயனீரார், ஓரேருழவர், அணிலாடு முன்றிலார். எந்த நிறுவனமும் இல்லாதவருக்கு எழுதியதே முகவரி. இத்தனை பெருந்தன்மை இன்றைய மென்பொருள்களுக்கு இல்லை. நிறுவனப் பெட்டியைக் காலியாக விட்டால் அடுத்த பக்கத்துக்குப் போக விடாது.

நன்னூல், பாயிரத்தில் என்னென்ன வர வேண்டும் என்று பட்டியல் போடுகிறது. ஆக்கியவர் பெயர் முதலான எட்டைச் சொல்லிவிட்டு, காலம், களம், காரணம் என்ற மூன்றையும் சேர்த்துக்கொள்வோர் உண்டு என்கிறது. களம் என்றால் நூல் அரங்கேறிய இடம். தொல்காப்பியத்துக்குப் பனம்பாரனார் எழுதிய பாயிரத்தில் பாண்டியன் அவையும் இருக்கிறது, அங்கே கேட்டுச் சரிபார்த்த அதங்கோட்டாசானும் இருக்கிறார். உ.வே.சா. தம் பதிப்புகளில் கும்பகோணம் காலேஜ் தமிழ்ப் பண்டிதர் என்ற வேலையையும் உத்தமதானபுரம் என்ற ஊரையும் சேர்த்தே போட்டார். சோறு போட்டது காலேஜ், ஆளை உண்டாக்கியது ஊர்.

ஆய்விதழ்களின் இன்றைய விதி ஒன்றும் பெரிய சூத்திரம் இல்லை. வேலை எங்கே நடந்ததோ அந்த இடத்தின் பெயரைப் போட வேண்டும். கட்டுரை அச்சாகும் நேரத்தில் ஆசிரியர் வேறு இடத்துக்கு மாறியிருந்தால் புது இடம் 'தற்போதைய முகவரி' என்று அடிக்குறிப்புக்குப் போகும். இரண்டு இடங்கள் வேலைக்குக் கைகொடுத்திருந்தால் இரண்டையும் போடலாம். எந்த நிறுவனத்திலும் இல்லாதவர் தம் ஊரையும் நாட்டையும் போடலாம் என்று அமெரிக்க உளவியல் கழகத்தின் நடைக் கையேடே இடம் கொடுக்கிறது. எழுதினால் நாலு வாக்கியம். ஆனால் என் பதினேழு வருடத்தில் பாதியை இந்த நாலு வாக்கியமே தின்றது என்றால் மிகையில்லை.

ராமன் விஷயத்தை எடுத்துக்கொள்வோம். 1928 மார்ச் 31 தேதியிட்ட 'நேச்சர்' இதழில் புதிய வகைச் சிதறலைப் பற்றி ஒரு சிறு கடிதம் வந்தது. சி.வி. ராமன், கே.எஸ். கிருஷ்ணன் என்று இரண்டு பெயர். அதன் கீழே 210, பௌபஜார் தெரு, கல்கத்தா, இந்தியா, பிப்ரவரி 16. அவ்வளவுதான். நிறுவனத்தின் பெயரே இல்லை. மகேந்திரலால் சர்க்கார் 1876-ல் தொடங்கிய இந்திய அறிவியல் வளர்ச்சிக் கழகத்தின் கதவு எண் அது. ராமன் அப்போது கல்கத்தாப் பல்கலைக்கழகத்தில் பாலித் பேராசிரியர். பதவியும் சம்பளமும் அங்கே. அதற்கு முன்னால் பத்து வருடம் அரசாங்க நிதித்துறையில் கணக்கு அதிகாரி. காலையிலும் மாலையிலும் வந்து ஆராய்ச்சி செய்தது இந்தத் தெருவில். இரண்டு வருடத்தில் நோபல் பரிசு வாங்கித் தந்த கட்டுரையின் கீழே அவர் போட்டது படியளந்த இடத்தையும் இல்லை, பதவி கொடுத்த இடத்தையும் இல்லை. கருவி இருந்த இடத்தைப் போட்டார். வத்திராயிருப்புக்காரரான கிருஷ்ணனும் அந்தக் கதவுக்குள்தான் வேலை செய்தார்.

1905-ல் ஐன்ஸ்டைன் சார்பியல் கட்டுரையின் முடிவில் எழுதியது 'பெர்ன், ஜூன் 1905' என்று மட்டும். அவர் வேலை பார்த்த காப்புரிமை அலுவலகத்தின் பெயர் இல்லை. ராமானுஜன் 1913 ஜனவரி 16 அன்று கேம்பிரிட்ஜ் கணிதவியலாளர் ஹார்டிக்கு எழுதிய கடிதத்திலோ எல்லாமே இருந்தது: சென்னைத் துறைமுகக் கழகத்தின் கணக்குப் பிரிவில் குமாஸ்தா, வருடத்துக்கு இருபது பவுண்டு சம்பளம், வயது சுமார் இருபத்துமூன்று. யார் எவர் என்று தெரியாத ஆள், தன்னைப் பற்றி எதையும் மறைக்காமல் சொல்லிவிட்டுக் கணக்கைப் பார்க்கச் சொல்கிற குரல் அது. 1924-ல் ஜெர்மன் இதழில் வந்த போஸின் கட்டுரையில் அவருடைய முழுப் பெயர்கூட இல்லை. 'போஸ், டாக்கா பல்கலைக்கழகம், இந்தியா' என்றுதான் இருக்கிறது. சத்யேந்திரநாத் எங்கே போனார் என்று நானாக இருந்தால் கேட்டிருப்பேன். மொழிபெயர்த்து அனுப்பியவர் ஐன்ஸ்டைன் என்று தெரிந்ததும் வாயை மூடிக்கொண்டிருப்பேன்.

அடைத்து வைத்த முகவரிகளும் உண்டு. புள்ளியியல் படித்தவர்கள் 'ஸ்டூடண்ட்' என்ற பெயரை மறக்க மாட்டார்கள். அவர் மாணவர் இல்லை. டப்ளினில் கின்னஸ் மதுபான ஆலையில் வேலை பார்த்த காசெட். ஊழியர்கள் சொந்தப் பெயரில் கட்டுரை வெளியிட ஆலை விடவில்லை, ஆகவே 1908-ல் வந்த அந்தப் புகழ்பெற்ற கட்டுரையில் ஆளும் இல்லை, ஆலையும் இல்லை. பார்லியை வைத்துப் போட்ட கணக்குக்குப் பார்லியின் விலாசம் இல்லாமல் போயிற்று.

பொய் விலாசங்களுக்கும் குறைவில்லை. பிரெஞ்சுக் கணித மேதைகள் சிலர் சேர்ந்து பூர்பாக்கி என்று ஒரு ஆளைக் கற்பனை செய்து, அவருக்கு வேலையும் தேடிக் கொடுத்தார்கள்: நான்சிகோ பல்கலைக்கழகம். பாதி நான்சி, பாதி சிகாகோ. 1975-ல் மிச்சிகன் மாநிலப் பல்கலைக்கழக இயற்பியலாளர் ஹெதரிங்டன், தனி ஆளாக எழுதிய கட்டுரையில் 'நாங்கள், நாங்கள்' என்று டைப் அடித்துவிட்டார். எல்லாவற்றையும் திருத்த அலுத்துக்கொண்டு தம் சியாமியப் பூனையை எஃப்.டி.சி. வில்லர்ட் என்ற பெயரில் இணையாசிரியர் ஆக்கினார். பூனைக்கும் அதே பல்கலைக்கழக முகவரிதான். மதிப்புமிக்க இதழ், கண்கொத்திப் பாம்பாகப் பார்க்கும் ஆசிரியர் குழு, ஒருவருக்கும் தெரியவில்லை. இந்தக் கதையைப் புதிதாகச் சேரும் பெண்களுக்குச் சொல்லிச் சிரிக்க வைப்பேன். ஒருமுறை சிரித்து முடித்ததும் அவர்களில் ஒருத்தி, "அப்ப நாம சரிபார்க்குறதுல என்னதான்கா அர்த்தம்?" என்று கேட்டாள். சரியான கேள்வி. நாங்கள் எழுத்துப்பிழையைச் சரிபார்க்கிறோம். உண்மையை எழுதியவர்தான் சரிபார்க்க வேண்டும்.

ரொம்ப காலம் நான் இந்த வரியைச் செஞ்சோற்றுக் கடன் என்றுதான் நினைத்திருந்தேன். சோறு போட்ட இடத்தைச் சொல்லாமல் போனால் நன்றி கெட்டவர், அவ்வளவுதான் தத்துவம். சிங்கப்பூருக்குப் போனதும் பழைய கல்லூரியின் பெயரை உருவச் சொன்னவர்மேல் எனக்கு வந்த கோபம் அந்த வகைக் கோபம். மூன்று வருடம் அந்தக் கல்லூரி ஆய்வகத்தில், அந்தக் கல்லூரி வாங்கிய ரசாயனத்தில், ராத்திரி எட்டு மணிக்கு மேல் கதவைத் திறந்துவிட்ட வாட்ச்மேன் தயவில் செய்த வேலைதானே என்று உள்ளுக்குள் பொருமியபடி, "வேலை நடந்த இடம் மேலே இருக்கட்டும், புது இடத்தை அடிக்குறிப்பில் போடுகிறோம்" என்று மரியாதையாக எழுதுவேன்.

இந்த வரிக்குப் பணமதிப்பு வந்த பிறகு கோபத்துக்கு வேலை கூடியது. பல்கலைக்கழகங்களைத் தரம் பிரிக்கும் ஷாங்காய் பட்டியல் 2003-ல் வந்தது. நம் நாட்டு என்.ஐ.ஆர்.எஃப். பட்டியல் முதன்முதலில் 2016-ல் வந்தது. கட்டுரையைத் தரவுத்தளத்தில் எண்ணுகிறார்கள். எண்ணுகிற இயந்திரம் பார்ப்பது இந்த ஒரு வரியை. அந்த வரியில் கல்லூரிப் பெயர் ஓர் எழுத்து மாறினாலும் அந்தக் கட்டுரை அந்தக் கல்லூரிக் கணக்கில் ஏறாமல் போகலாம். அதனால்தான் இப்போது பேராசிரியர்களுக்கு முதல்வர் அறையிலிருந்து சுற்றறிக்கை வருகிறது: பெயரை இப்படித்தான் எழுத வேண்டும், காற்புள்ளி இங்கேதான் வர வேண்டும். பல வருடம் நாங்கள் தொண்டை வறளச் சொன்னதை ஒரு தரவரிசை ஒரே வருடத்தில் சாதித்துவிட்டது. பெயர் மாறிய கதைகளோ தனி. மதுரைப் பல்கலைக்கழகம் 1978-ல் மதுரை காமராசர் பல்கலைக்கழகம் ஆயிற்று. அண்ணா பல்கலைக்கழகத்தை 2007-ல் உடைக்கத் தொடங்கிப் பல துண்டாக்கி, 2012 வாக்கில் மறுபடி ஒன்றாக ஒட்டினார்கள். அந்த இடைவெளியில் வந்த கட்டுரைகள் இன்று இல்லாத பல்கலைக்கழகங்களின் முகவரியோடு நிற்கின்றன. யாழ்ப்பாணத்தில் 1974-ல் 'இலங்கைப் பல்கலைக்கழக யாழ்ப்பாண வளாகம்' என்று எழுதியவர், நாற்காலியை விட்டு எழுந்திருக்காமலே 1979-ல் 'யாழ்ப்பாணப் பல்கலைக்கழகம்' என்று எழுத வேண்டிவந்தது. பட்டணம் சென்னை ஆன பிறகும் பல்கலைக்கழகமும் ஐ.ஐ.டி.யும் ஆங்கிலத்தில் மெட்ராஸாகவே இருக்கின்றன. 2019-ல் ஆய்வு நிறுவனங்களுக்கென்று 'ரோர்' என்ற பதிவேடு தொடங்கி ஒவ்வொன்றுக்கும் ஓர் அடையாள எண் கொடுத்தார்கள். ஆளுக்கு 2012 முதலே ஆர்கிட் எண் உண்டு, பதினாறு இலக்கம். நல்லதுதான். ஆனாலும் கூலவாணிகன் சீத்தலைச் சாத்தனார் என்பதில் இருக்கிற ஆள், பதினாறு இலக்கத்தில் இல்லை.

ஒருமுறை உக்ரைன் கட்டுரை ஒன்று வந்தது. பல்கலைக்கழகத்தின் பெயரில் டொனெட்ஸ்க் இருந்தது. ஊர் என்ற இடத்தில் வின்னித்சியா. தவறு என்று நினைத்து நான் குவெரி போட்டேன். தவறில்லை. 2014-ல் டொனெட்ஸ்க் கைவிட்டுப் போனபோது பல்கலைக்கழகம் பெயரைத் தூக்கிக்கொண்டு வின்னித்சியாவுக்குக் குடிபெயர்ந்திருக்கிறது. நம் வீடுகளில் பர்மாவிலிருந்து வந்தவர்களும் கொழும்பிலிருந்து வந்தவர்களும் பழைய ஊரைப் பெயரில் சுமக்கவில்லையா?

அதே உக்ரைன் போரில் நேர் எதிரான காட்சியும் நடந்தது. ஜெனீவாவுக்குப் பக்கத்தில் இருக்கும் செர்ன் ஆய்வகத்தின் கட்டுரைகளைப் பார்த்தவர்களுக்குத் தெரியும்: 2015-ல் ஹிக்ஸ் துகளின் நிறையைப் பற்றி வந்த ஒரு கட்டுரைக்கு 5,154 ஆசிரியர்கள். முப்பத்துமூன்று பக்கத்தில் ஒன்பது பக்கம் இயற்பியல். மீதி இருபத்துநாலு பக்கமும் ஆட்களும் முகவரிகளும். அப்படிப்பட்ட பட்டியலில் 2022-க்குப் பிறகு ரஷ்ய, பெலாரஷ்ய நிறுவனங்களின் பெயரை அச்சிடலாமா என்று தகராறு எழுந்தது. கட்டுரைகள் பல மாதம் ஆசிரியர் பட்டியல் இல்லாமல் காத்துக் கிடந்தன. கடைசியில் 2023-ல் ஒரு வழி கண்டார்கள். ஆள் பெயர் இருக்கும், நிறுவனப் பெயர் இருக்காது. செர்னோடு ஒத்துழைப்பு ஒப்பந்தம் உள்ள ஒரு நிறுவனத்தைச் சேர்ந்தவர் என்று மட்டும் இருக்கும். அரசியல் நியாயம் எந்தப் பக்கம் என்பதை நான் பேசவில்லை. தகப்பன் பெயர் கேட்டால் 'ஊரில் ஒருவர்' என்று சொல்கிற மாதிரி ஒரு வரியை இயற்பியல் எழுதிக்கொள்ள நேர்ந்தது என்பதைச் சொல்கிறேன்.

பெயரை மறைப்பது ஒரு பக்கம் என்றால் பெயரை விற்பது இன்னொரு பக்கம். சவுதிப் பல்கலைக்கழகங்கள், அதிகம் மேற்கோள் காட்டப்படும் வெளிநாட்டு அறிஞர்களுக்குப் பணம் கொடுத்து, வருடத்தில் ஒன்றிரண்டு வாரம் வந்துபோனால் போதும், கட்டுரையில் எங்கள் பெயரையும் சேர்த்துப் போடுங்கள் என்று கேட்பதாக 2011-ல் 'சயின்ஸ்' இதழ் எழுதியது. 2023-ல் ஸ்பெயினின் கோர்தோபா பல்கலைக்கழகம், வேறு நாட்டுப் பல்கலைக்கழகங்களைத் தம் இடமாகக் காட்டிவந்த ஒரு வேதியியலாளரைப் பதின்மூன்று வருடத்துக்குச் சம்பளமில்லாமல் இடைநீக்கம் செய்தது என்ற செய்தி வந்தபோது எங்கள் கேன்டீனில் அன்று முழுக்க அதே பேச்சு. எனக்கும் அப்படி ஒரு ப்ரூஃப் வந்ததுண்டு. வேலையெல்லாம் முடிந்து, பக்கம் கட்டி, கடைசி நேரத்தில் ஆசிரியர் தம் பெயருக்கு மேலே இன்னொரு குட்டி எழுத்தைச் சேர்க்கச் சொன்னார். கட்டுரைக்குள் அந்த இடத்தின் சுவடே இல்லை. அங்கே எடுத்த மாதிரி இல்லை, கருவி இல்லை, நிதி இல்லை. இதழின் பொறுப்பாசிரியர் அனுமதி வேண்டும் என்று எழுதினேன். அனுமதி ஒரு மணி நேரத்தில் வந்துவிட்டது. போட்டேன்.

'நிறுவனச் சார்பு' என்ற தமிழாக்கம் எனக்கு ஒருவிதத்தில் பிடிக்கும். சார்பு என்பதற்கு ஒருபக்கச் சாய்வு என்ற பொருளும் உண்டு என்பதால். பீட்டர்ஸ், செசி என்ற இரண்டு உளவியலாளர்கள் ஒரு காரியம் செய்து 1982-ல் அதை வெளியிட்டார்கள். பெரிய பல்கலைக்கழகத்துக்காரர்கள் எழுதி, பெரிய இதழ்களில் ஏற்கெனவே அச்சாகிவிட்ட பன்னிரண்டு கட்டுரைகளை எடுத்து, ஆள் பெயரை மாற்றி, இடத்தின் பெயரை மாற்றி, யாரும் கேள்விப்பட்டிராத 'ட்ரை-வேலி மனித ஆற்றல் மையம்' போன்ற கற்பனை முகவரிகளைப் போட்டு, வெளியிட்ட அதே இதழ்களுக்கே திருப்பி அனுப்பினார்கள். மூன்றைத்தான் 'இது பழைய சரக்கு' என்று கண்டுபிடித்தார்கள். மிச்சம் ஒன்பதில் எட்டு நிராகரிக்கப்பட்டன. முறையியலில் கடுமையான குறைகள் என்று காரணம். அந்தக் குறைகள் முதல் தடவை யார் கண்ணிலும் படவில்லை. படாதவாறு ஒரு முகவரி முன்னால் நின்றுகொண்டிருந்தது.

செஞ்சோற்றுக் கடன் என்ற என் எண்ணத்தைக் கலைத்தவர் ஒரு கௌரவ விரிவுரையாளர். தெற்கத்தி அரசுக் கலைக்கல்லூரி ஒன்றில் தாவரவியல். பனை வேரில் வாழும் பூஞ்சைகளைப் பற்றிய கட்டுரை. இணையாசிரியர்கள் இருவருக்கும் நிறுவனம் இருந்தது. முதலாசிரியரான இவருக்கு மட்டும் கதவு எண், தெரு, அஞ்சல், வட்டம், மாவட்டம், பின்கோடு. வழக்கம்போல் குவெரி போட்டேன்: நிறுவனப் பெயர் விடுபட்டிருக்கிறது. ஆங்கிலத்தில் 'நிறுவனம் இல்லை' என்று பதில் வந்தது. கட்டுரையின் உள்ளே நுண்ணோக்கிப் படங்கள் கல்லூரி ஆய்வகத்தில் எடுக்கப்பட்டவை என்று இருந்தது. அதைச் சுட்டினேன். கையெழுத்தில் என் பெயரைப் பார்த்திருக்க வேண்டும். அடுத்த பதில் தமிழில் வந்தது.

"மேடம், வருசத்துல பதினோரு மாசம்தான் சம்பளம். ஏப்ரலோட நிப்பாட்டிட்டாங்க. பேப்பர் அக்செப்ட் ஆனது மே மாசம். மே மாசம் எனக்குக் காலேஜே கிடையாது. நான் ஏன் அந்தப் பேரைப் போடணும்? சர் சி.வி. ராமனே தெருப் பேருதானே போட்டாரு?"

ராமன் விஷயம் தெரிந்த ஆள். எனக்குப் பிடித்துப்போயிற்று. ராமன் அந்தத் தெருவில் வேலை செய்தார், நீங்கள் உங்கள் தெருவில் செய்தீர்களா என்று கேட்டேன்.

"மைக்ரோஸ்கோப் காலேஜ்ல. பனை எங்க தோட்டத்துல."

இதற்கு என்ன சொல்ல? சோறு போடாத இடத்துக்குச் செஞ்சோற்றுக் கடன் எங்கிருந்து வரும்? பள்ளிப் பாடத்தில் படித்த இலக்கணம் ஞாபகத்துக்கு வந்தது. தனித்து நிற்கும் எழுத்து முதலெழுத்து. தனித்து நிற்க முடியாமல் இன்னொன்றை அண்டி நிற்பது சார்பெழுத்து. இந்தப் பையனை அந்தக் கல்லூரி பதினோரு மாதம் சார்பெழுத்தாக வைத்திருந்துவிட்டுப் பன்னிரண்டாம் மாதம் அழித்துவிடுகிறது. அவனும் பதிலுக்கு அழிக்கப் பார்க்கிறான். சிங்கப்பூர்க்காரர் செய்ததும் இவர் செய்யப் பார்ப்பதும் தாளில் ஒரே காரியம். ஆனால் இவர்மேல் எனக்குக் கோபம் வரவில்லை. அப்படியென்றால் என் கோபத்தின் கணக்கில் எங்கோ பிழை.

ஒரு நாள் யோசித்துவிட்டு எழுதினேன். இந்த வரி நன்றி இல்லை, தம்பி. நன்றிக்குக் கடைசிப் பக்கத்தில் தனி இடம் இருக்கிறது. அங்கே விருப்பப்பட்டால் சொல்லலாம், இல்லாவிட்டால் விடலாம். இது சாட்சி. இந்த வேலை எங்கே நடந்தது என்று நாளைக்கு ஒருவர் கேட்டால், அந்தக் கண்ணாடித் துண்டுகளைத் தேடி ஒருவர் போனால், எந்தக் கதவைத் தட்டுவது என்பதற்கான சாட்சி. சாட்சிக்கூண்டில் ஏறுகிறவர் பிடிக்காத ஊரின் பெயரையும் சொல்லித்தான் ஆக வேண்டும். அதோடு, அந்தக் கல்லூரியின் பெயரை நீங்கள் போட்டால் அங்கே நீங்கள் வேலை செய்தீர்கள் என்பதும் அச்சில் ஏறிவிடும். அதை மே மாதம் யாராலும் அழிக்க முடியாது.

இரண்டு நாள் பதில் இல்லை. மூன்றாம் நாள் வந்தது. கல்லூரிப் பெயர் ஏ என்ற குட்டி எழுத்தோடு மேலே இருக்கட்டும், தற்போதைய முகவரி என்று எங்கள் ஊரை அடிக்குறிப்பில் போடுங்கள். விதியும் அதைத்தான் சொல்கிறது. சிங்கப்பூர்க்காரருக்கு நான் எழுதிய அதே பதில். அந்தக் கட்டுரை கல்லூரியின் நாக் அறிக்கையில் ஓர் எண்ணாகச் சேர்ந்திருக்கும். ஜூன் மாதம் அவரை மறுபடி எடுத்தார்களா என்று நான் கேட்கவில்லை. எங்கள் வேலையில் ப்ரூஃப் போனதும் ஆளும் போய்விடுவார்.

திருத்தங்களில் அவர் குறித்திருந்தது ஒன்றே ஒன்று. அவர் ஊர்ப் பெயரின் நடுவில் ஒரு ழகரம். நாங்கள் ஆங்கிலத்தில் எல் என்ற எழுத்தைப் போட்டிருந்தோம். இசட்டும் ஹெச்சும் போடச் சொல்லியிருந்தார். போட்டோம்.